நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பெண்

கோத்தகிரி,
மாசி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உறைபனி விலகிவிட்டது, மழைதான் இன்னும் இல்லை. கொழுந்து வராமல் செடிகள் சோர்ந்து நிற்கின்றன. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி எழுத மனமில்லை. கோவில் கதவைக் கரடி மறுபடியும் உடைத்து, விளக்குகளில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. இரும்புக் கதவு போடப் பெரியப்பா வசூல் தொடங்கியிருக்கிறார். தைராய்டு மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடுகிறாயா? காப்பியோடு சேர்த்து விழுங்கினால் பயன் இல்லை என்று டாக்டர் சொன்னார். மறந்துவிடாதே.

உன் கட்டுரையைப் படித்தேன். நீ அனுப்பவில்லை. நூலகத்தில் இருப்பவர் என் பழைய மாணவர், "டீச்சர், இது நம் பாப்பா எழுதியதுதானே?" என்று இதழை எடுத்து நீட்டினார். அங்கேயே உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். ஜெராக்ஸ் எடுத்துவந்து வீட்டில் மறுபடியும் படித்தேன். மதம், மரபு, சமூக மாற்றம் என்று பெரிய எழுத்தில் தலைப்பு, அதற்குக் கீழே உன் பெயர். நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேயிலைத் தொழிற்சாலைக்கே போய் ஒவ்வொருவரிடமும் காட்டியிருப்பார்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பெண் வருகிறாள். அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் மற்றவற்றைப் பேசிவிடலாம். சமூக அறிவியல் பாடம் நடத்தியே தலை நரைத்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

மதம் இருப்பதை இருந்தபடியே காத்து வைக்கும் என்பது உன் வாதம். தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவைச் சான்றாகக் காட்டுகிறாய். தோட்டத்தை நடத்தும் துரை விடுமுறை கொடுத்தார், லாரி கொடுத்தார், திருவிழா வரியைச் சம்பளத்தில் பிடித்துக் கோவில் கமிட்டியிடம் கொடுத்தார். மூன்று நாள் ஆடிப் பாடிய சனம் நான்காம் நாள் கோபம் தணிந்து, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றது. இதில் பொய் எதுவும் இல்லை. இலங்கையில் அட்டன் பக்கம் நான் பிறந்த வரிசை வீட்டு லயத்திலும் அப்படித்தான் நடந்தது. மதம் மக்களின் அபின் என்ற மார்க்ஸின் வாக்கியத்தையும் எடுத்தாண்டிருக்கிறாய். 1844இல் அச்சான அந்தக் கட்டுரையில், அபின் வருகிற அதே பத்தியில், மதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்றும் துயரத்துக்கு எதிரான கண்டனம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். நீ இங்கே வைத்துவிட்டுப் போன புத்தகத்தில் அந்த வரிகளுக்கு நீயே பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். கட்டுரையில் மட்டும் ஏன் விட்டுவிட்டாய்?

அந்தத் தோட்டத்தில் நாங்கள் யாராக இருந்தோம் என்று யோசித்துப் பார். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன எங்கள் சனத்துக்கு நாடு இல்லாமல் போயிற்று. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரண்டு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்களை யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட சனத்துக்கு ஊர் என்று ஒன்று எப்படி உண்டாயிற்று?

இதே மாசியில், அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில், சிவன் எரித்த காமனின் கூத்துக்குக் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து லயத்தில் இரவு என்பதே இருக்காது. வீட்டுக்கு வீடு அரிசி, வீட்டுக்கு வீடு விறகு. மன்மதன் வேடம் கட்டுபவரை அந்த நாட்களில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ரதியாக வருபவர் ஆண்பிள்ளைதான். அவர் ஒப்பாரி வைக்கும்போது கொழுந்து பறித்துக் கை வெடித்த பெண்கள் எல்லாம் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் நின்று, காமன் எரிந்தானா இல்லையா என்று விடியும்வரை பாடி வாதாடுவார்கள். கங்காணியின் மகனும் புல்லு வெட்டுபவரும் அங்கே எதிரெதிர் நின்று கேள்வி கேட்கலாம். மறுநாள் காலையில் முடியாது. கூடிநிற்கும் சனம் தெய்வத்தின் பெயரால் தன்னைத்தானே வணங்கிக்கொள்கிறது என்று 1912இல் சமூகவியலாளர் எமில் டர்கைம் எழுதியதை நீ இரண்டு வரியில் கடந்துபோகிறாய். எனக்கு அந்த இரண்டு வரி போதாது. நாட்டின் பதிவேட்டில் இல்லாத எங்களுக்கு நாங்கள் ஒரு சனம் என்று தெரிந்தது அந்தப் பொட்டலில்தான்.

அதே பொட்டலில் தப்பு மேளம் அடித்தவர்கள் பந்தியில் கடைசியாகத்தான் உட்கார்ந்தார்கள். கரகம் எடுக்கும் முறை அவர்களுக்கு இல்லை. அதையும் நான் மறைக்கவில்லை. மதம் சேர்த்தது, சேர்த்த இடத்திலேயே பிரித்தது. இரண்டையும் ஒரே கையால் செய்தது. நீ ஒரு பாதியை மட்டும் எழுதியிருக்கிறாய் என்பதுதான் என் வருத்தம்.

நம் மலையிலேயே உதாரணம் கிடைக்கும்போது நீ எங்கெங்கோ போகிறாய். இங்குள்ள பழங்குடிகளான கோத்தர்களை எடுத்துக்கொள். தோடர், படகர் வீட்டுச் சாவுகளுக்கு இசைக்கும் கடமை தலைமுறை தலைமுறையாக அவர்களுடையதாக இருந்தது. 1924இல் வந்த காய்ச்சலில் அந்தச் சிறு சமூகத்தில் ஏராளமானோர் இறந்தார்கள். அந்த அழிவுக்குப் பிறகு அவர்களிடையே புதிய தெய்வங்கள் தோன்றின, புதிய கோவில்கள் எழுந்தன. 1930களின் இறுதியில் இங்கே வந்து அவர்களோடு பழகிய மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அடுத்தவர் சாவுக்கு இசைப்பதை விட வேண்டும் என்ற குரலும் அந்தக் காலத்தில்தான் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. பழைய தெய்வம் காப்பாற்றவில்லை என்றதும் அவர்கள் கும்பிடுவதை நிறுத்தவில்லை. கும்பிடும் விதத்தை மாற்றினார்கள். நம் தோட்டத்திலும் தப்பைக் கீழே போட்ட தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதையே பறை என்று தலைநிமிர்ந்து மேடையில் அடிக்கிறார்கள். தாத்தா விட்டதும் மானத்துக்காக, பேரன் எடுத்ததும் மானத்துக்காக. எதை மரபு என்பாய், எதை மாற்றம் என்பாய்?

அயோத்திதாசரை நீ ஒரு அடிக்குறிப்பில் வைத்திருக்கிறாய். அவரை அடிக்குறிப்பில் வைக்கலாமா? சிறுவயதில் இந்த நீலகிரியில் வளர்ந்தவர். முதலில் அத்வைதம் பேசி இங்கே சபை வைத்தவர். 1898இல் பௌத்தத்தை ஏற்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர் செய்த காரியத்தைக் கவனி. நம் சனம் கொண்டாடும் பண்டிகைகளை மூடத்தனம் என்று தூக்கி எறியச் சொல்லவில்லை. இவை ஆதியில் நம்முடையவை, பௌத்தருடையவை, பின்னால் வந்தவர்கள் கதையை மாற்றிவிட்டார்கள் என்று வாதாடினார். அவருடைய சொல்லாராய்ச்சியை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் மரபின் சாவியைப் பிறர் கையில் விட மறுத்தாரே, அந்தத் துணிவு பெரிது. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

சமூகவியலாளர் வெபரைப் பற்றி நீ எழுதிய பகுதி நன்றாக இருக்கிறது. அப்படியே விடு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். தங்கள் ஆன்மா கடைத்தேறுமா என்று கவலைப்பட்ட கால்வினியக் கிறிஸ்தவர்கள் முதலாளித்துவத்தை வளர்க்க நினைக்கவில்லை, அவர்கள் நினைக்காமலேயே அது நடந்தது என்கிறார் வெபர். செவ்வாடை கட்டி மேல்மருவத்தூருக்குப் போகும் நம் பக்கத்து வீட்டுப் பெண்களும் புரட்சி செய்ய நினைக்கவில்லை. அங்கே பெண்கள் தங்கள் கையாலேயே பூசை செய்கிறார்கள். மாதவிலக்கு நாட்களிலும் விலகி நிற்பதில்லை. தீட்டு என்று மூலையில் உட்காரவைக்கப்பட்ட பெண்கள் எந்த வாதமும் செய்யாமல் கருவறைக்குள் போய்விட்டார்கள். 2021 ஆகஸ்டில் அரசு அனைத்துச் சாதியினரையும் அர்ச்சகராக நியமித்தது, 2023இல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். அதற்கெல்லாம் சட்டமும் வழக்கும் வேண்டியிருந்தன. முதல் முயற்சி 1970இல். இந்தப் பெண்களோ ஒரு சிவப்புச் சேலையோடு போனார்கள். இதையும் நீ எழுத வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இரவில் விழித்து எழுதாதே. மாத்திரையை மறக்காதே.

நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வருகிறேன்.

"ஒரு மலைத்தோட்டத்தில், தகப்பனின் கொள்ளிக்குடத்தைக் கேட்ட மகள் லயத்து முனையிலேயே நிறுத்தப்பட்டாள், குடம் தகப்பனின் அண்ணன் மகன் தோளுக்குப் போனது." இவ்வளவுதான். ஊர் இல்லை, ஆண்டு இல்லை. ஆய்வு முறை அப்படி என்பாய். ஆனால் மகளே, அந்த லயத்து முனையில் இருக்கும் சவுக்கு மரம்வரை எனக்குத் தெரியும்.

அன்று என்னைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தப்புச் சத்தம் நகர்ந்துபோனது மட்டும் கேட்டது. நீ திரும்பி வந்து உள்ளே படுத்துக்கொண்டாய். களைப்பு என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டாய். அதன் பிறகு உன் போன் எல்லாம் இரண்டு நிமிடம்தான். கல்லூரியில் வேலை அதிகம் என்றாய், நம்பினேன். பொங்கலுக்கு வரவில்லை. அதையும் நம்பினேன். அச்சில் படித்த பிறகுதான் அத்தையிடம் கேட்டேன். அவர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நீ உலகத்துக்கெல்லாம் எழுதினாய், பெற்றவளிடம் சொல்லவில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. உன் அப்பா உன்னை மகன் மாதிரி வளர்த்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, மகள் என்றுதான் பெருமையாகச் சொன்னார். அவர் இருந்திருந்தால் குடத்தை யார் கையில் கொடுத்திருப்பார் என்று உனக்கும் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1970இல் அட்டன் தோட்டத்தில் என் தாத்தா இறந்தார். மாமாக்கள் இருவரும் அதற்கு முந்தைய ஆண்டே குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் வழியாக மண்டபம் முகாமுக்கு வந்துவிட்டார்கள். போனவர்கள் திரும்பி வர வழி இல்லை. பங்காளிகளிலும் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். குடம் எடுக்க ஆள் யார் என்று தோட்டத் தலைவரும் காரியம் செய்யும் பண்டாரமும் பேசிக்கொண்டிருந்தபோது, என் அம்மா எழுந்து போய்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டார். உன் அம்மாயிதான். தகப்பனுக்கு மகள் குடம் எடுத்தார். தலையை முக்காடிட்டு மூன்று சுற்று சுற்றினார். பண்டாரம் அரிவாள் முனையால் ஓட்டை போட்டார், தண்ணீர் பீய்ச்சியது, பின்னால் பார்க்காமல் குடத்தைப் போட்டு உடைத்தார். நான் லயத்துக் கோடிப் படியில் நின்று பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. தெய்வக் குற்றம் என்று யாரும் சொல்லவும் இல்லை. பண்டாரம் திருவாசகம் பாடினார்.

இந்தியா வந்த பிறகு அம்மாயி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "இங்கே இருப்பவர்கள் நம்மை முறை தெரியாத சிலோன்காரர்கள் என்பார்கள்" என்றார். அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் எங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது. 'சிலோன்காரர்கள்' என்ற பெயரும் கூடவே வந்தது. ரேஷன் கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் அந்தப் பெயர்தான். அதைத் துடைப்பதற்காகத்தான் எல்லாவற்றிலும் முறை பார்க்க ஆரம்பித்தார்கள். கோவிலில் கிடா வெட்டு நின்றது. 2003இல் அரசு பலியைத் தடுத்து மறு ஆண்டு விலக்கிக்கொண்டதே, அதற்கு வெகுகாலம் முன்பே நம் ஆட்கள் தாங்களாக நிறுத்திவிட்டார்கள். முனியாண்டியின் சுருட்டைக் கோவிலுக்கு வெளியே வைத்தார்கள். கும்பாபிஷேகத்துக்குச் சமவெளியிலிருந்து ஐயரை அழைத்துவந்தார்கள். அம்மன் முகத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்த கிழவிகளை அன்றைக்குப் படிக்குக் கீழே நிற்கச் சொன்னார்கள். மேலே ஏற நினைக்கும் சமூகம் மேலே இருப்பவர்களின் சடங்கை எடுத்துக்கொள்ளும் என்று 1952இல் குடகு மக்களைப் பற்றிய நூலில் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் விளக்கியிருக்கிறார். நீ அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். உன் சொந்தப் பெரியப்பாவிடம் அதைப் பார்க்கவில்லை.

பெரியப்பா தங்கமானவர். நீ ஆறாம் வகுப்பில் காய்ச்சலோடு கிடந்தபோது மழையில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். பள்ளியில் சிலோன்காரப் பயல் என்று வாங்கிய அடியை இன்னும் மறக்காதவர். ஊர் நம்மைக் குறை சொல்லக் கூடாது என்பதுதான் அவர் மதம், அதற்கு மேல் அவருக்குச் சாஸ்திரம் தெரியாது. கொள்ளி வைத்தவனுக்கே நிலம் என்ற பழைய எண்ணமும் அவருக்குள் இருக்கலாம். நான் மறுக்கவில்லை. அப்பா சம்பாதித்த தேயிலைத் துண்டில் மகளுக்குப் பங்கு என்று 1956ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இல் சொன்னது, நாடு 2005இல் சொன்னது. சட்டம் எழுதியாகிவிட்டது. லயத்து முனையில் அதை வாசித்துக் காட்ட ஆள் இல்லை.

போன வாரம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். பங்குனியில் வரும் தலைத்திவசத்துக்கு என் மகள்தான் எள்ளும் தண்ணீரும் இறைப்பாள், பிண்டம் வைப்பாள் என்றேன். அம்மாயி குடம் எடுத்த கதையைச் சொன்னேன். அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார். அண்ணி குறுக்கே ஏதோ சொல்ல வந்தார், பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். பண்டாரத்திடமும் பேசிவிட்டேன். அவர் தகப்பனார் அட்டனில் காரியம் செய்தவர். எங்கள் ஊரில் பெண்கள் எடுத்த குடம் இன்னும் இரண்டு மூன்று உண்டு என்று அவரே எடுத்துச் சொல்கிறார்.

நீ இந்தச் சடங்கை நம்புகிறாயா என்று நான் கேட்கவில்லை. நம்பாவிட்டால் அதையும் இங்கே வந்து, இத்தனை பேர் முன்னால் சொல். எரியாத கட்சிக்கும் அந்தப் பொட்டலில் இடம் இருந்தது. நீ இந்த வீட்டையே விட்டுவிட்டாயோ என்ற பயம்தான் என்னை இரவில் எழுப்புகிறது.

பெரியப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவள் வருவாளா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நீயே அவருக்குப் போன் செய்து சொல். என்னிடம் சொல்லி, நான் போய் அவரிடம் சொல்கிற ஏற்பாடு வேண்டாம். கோபம் இருந்தால் கோபமாகவே பேசு. நீ கோபப்பட்டுப் பேசினால் அவர் கேட்பார், சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்,
அம்மா